கையெழுத்து என்னுடையது, அதிகாரம் வேறொருவருடையது

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடித்துக் கிளம்பும் நேரத்தில், நிர்வாக இயக்குநர் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். தரப் பிரிவுக்கும் ஒழுங்குமுறைப் பிரிவுக்கும் தலைவராக இருந்தவர் அன்று காலை விலகிவிட்டார் என்றும், பதினொரு வாரங்களில் பெரிய தரத் தணிக்கை ஒன்று வரவிருக்கிறது என்றும், அந்தப் பொறுப்பை ஏற்கக்கூடியவர் இந்த நிறுவனத்தில் நான் ஒருத்திதான் என்றும் சொன்னார். அப்போது நான் மருத்துவக் கருவித் துறையில் பதினான்கு ஆண்டுகளைக் கழித்திருந்தேன். சிரிஞ்ச் பம்ப் வடிவமைப்பில் தொடங்கி, பிறகு சோதனைப் பிரிவுக்கு மாறி, அங்கே ஒரு குழுவை நடத்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு மேலே போவதைப் பல முறை பார்த்திருந்ததால், அந்த அழைப்பு வர வேண்டிய காலம் கடந்து வந்ததாகவே தோன்றியது. பத்து நிமிடங்களில் சம்மதம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்தப் பத்து நிமிடங்களுக்காக நான் இழந்தவற்றைக் கணக்கிட்டால், ஓர் ஆண்டின் ஊக்கத்தொகை, என் பெயருக்கு இன்னும் முழுமையாக வந்துசேராத பங்குகள், சம்பளமில்லாத எட்டு மாதங்கள், வழக்கறிஞருக்குக் கொடுத்த ஒரு மாதச் சம்பளம், நிம்மதியான உறக்கம் இல்லாத ஓராண்டுக்கும் மேற்பட்ட காலம் என்று நீள்கிறது. இதே துறையில் தலைமைப் பொறுப்பு ஏற்கவிருக்கும் பெண்கள் சிலர் அண்மையில் என்னிடம் தனியே ஆலோசனை கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்ததால், ஒரு முறை முழுமையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அன்று நான் கேட்காமல் விட்ட கேள்விகள் மிக எளியவை. முன்பிருந்தவர் ஏன் விலகினார்? கண்டறிந்த குறைகளைச் சரிசெய்யும் திருத்த நடவடிக்கைகளில் முடிக்கப்படாமல் கிடப்பவை எத்தனை, அவற்றில் மிகப் பழையது எப்போது தொடங்கப்பட்டது? ஒரு தொகுதிக் கருவிகள் சந்தைக்குப் போவதை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து? இவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. எனக்குத் தரப்பட்ட கடிதத்தில் "தற்காலிகப் பொறுப்பு" என்றும், ஊதியம் பற்றித் தணிக்கைக்குப் பிறகு முடிவு செய்யப்படும் என்றும் இரண்டே வரிகள் இருந்தன. நம்பிக்கை வைத்து அழைத்தவரிடம் முதல் நாளே சம்பளம் பேசுவது நன்றி கெட்ட செயலாகத் தோன்றுமோ என்ற தயக்கம்தான் என்னைத் தடுத்தது. என்னோடு பேசிய பெண்களில் அநேகரிடமும் இதே தயக்கத்தைக் காண்கிறேன். ஆனால், தணிக்கைக்கு முன்பு உங்கள் தேவை அவர்களுக்கு எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு தேவை தணிக்கை முடிந்த மறுநாள் இருக்காது. பேச வேண்டியதைப் பேசுவதற்கான நேரம் அந்த முதல் சில நாட்கள்தான்.

பிற துறைகளில் பதவிப் பெயர் பெரும்பாலும் நிறுவனத்துக்குள்ளேயே நின்றுவிடும். மருத்துவக் கருவித் துறையில் சில பதவிகளுக்குச் சட்டமே ஒரு மனிதரின் பெயரைக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/745 எண் கொண்ட மருத்துவக் கருவி ஒழுங்குமுறை 2021 மே 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15ஆவது பிரிவின்படி, ஒவ்வோர் உற்பத்தி நிறுவனமும் ஒழுங்குமுறை இணக்கத்துக்குப் பொறுப்பான ஒருவரை நியமிக்க வேண்டும். துறையில் அவரைச் சுருக்கமாகப் பி.ஆர்.ஆர்.சி. என்பார்கள். கருவிகள் வெளியே போகுமுன் தர அமைப்பின்படி சரிபார்க்கப்படுகின்றனவா, தொழில்நுட்ப ஆவணங்கள் நடப்பு நிலையில் இருக்கின்றனவா, சந்தைக்குப் பிந்தைய கண்காணிப்பு நடக்கிறதா, தீவிர நிகழ்வுகள் உரிய காலத்தில் அறிவிக்கப்படுகின்றனவா என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அமெரிக்காவில் இதைவிடப் பழைய ஒரு கோட்பாடு இருக்கிறது. 1975இல் பார்க் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு மீறலைத் தடுக்கவோ திருத்தவோ அதிகாரம் உடைய நிலையில் இருந்த நிர்வாகி, அதில் நேரடியாக ஈடுபடாவிட்டாலும் தனிப்பட்ட முறையில் தண்டிக்கப்படலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு உணவுக் கிடங்கு ஒன்றின் சுகாதாரக் கேடு பற்றியது. ஆனால் அதற்கு அடிப்படையான சட்டமே மருத்துவக் கருவிகளையும் ஆளுகிறது. அந்த வெள்ளிக்கிழமை என் பெயரை இப்படிப்பட்ட ஓரிடத்தில் எழுதக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடான அதிகாரத்தைக் கேட்டு வாங்காமல் வந்துவிட்டேன்.

மிகவும் பிந்தித்தான் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 2005இல் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷெல் ரயன், அலெக்ஸ் ஹாஸ்லம் ஆகிய இருவரும் பிரிட்டனின் பெரிய நிறுவனங்களின் இயக்குநர் நியமனங்களை ஆராய்ந்தார்கள். பெண்களை நியமித்த நிறுவனங்கள், அந்த நியமனத்துக்கு முந்தைய மாதங்களில் சரிவில் இருந்திருக்கும் சாத்தியம் அதிகம் என்று கண்டு, இந்த நிலைமைக்கு 'கிளாஸ் கிளிஃப்' என்று பெயர் வைத்தார்கள். கண்ணாடிப் பாறையின் விளிம்பு என்று தமிழில் சொல்லலாம். விளிம்பில் நிற்க வைக்கப்பட்டவர் வழுக்கினால் பழி அவருடைய கால்களுக்கே போய்ச் சேரும். அதைப் படித்த இரவில் நெடுநேரம் அழுதேன். எனக்கு நேர்ந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது ஆறுதலாகவும், அதை முன்பே தெரிந்துவைத்திருக்கலாமே என்ற எண்ணம் வேதனையாகவும் இருந்தது. நெருக்கடி நேரத்தில் பதவி வந்தால் மறுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நெருக்கடியின் அளவை எண்களாகப் பார்த்த பிறகு சம்மதியுங்கள் என்கிறேன். இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். திருத்த நடவடிக்கைகளின் பட்டியல், கடைசி இரண்டு தணிக்கை அறிக்கைகள், புகார்ப் பதிவேடு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே உள்ளே பணியாற்றுபவருக்கு இவற்றைக் காட்ட மறுத்தால், அந்த மறுப்பிலேயே உங்களுக்குத் தெரிய வேண்டியது இருக்கிறது.

பொறுப்பேற்ற திங்கட்கிழமை நான் பார்த்த பட்டியலில் 63 திருத்த நடவடிக்கைகள் முடிக்கப்படாமல் இருந்தன. மிகப் பழையது இரண்டரை ஆண்டுகளுக்கு முந்தையது. குழுவில் ஏழு பேர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். அவற்றையெல்லாம் உழைத்துச் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆறு வாரங்கள் வார இறுதிகளிலும் அலுவலகத்தில் இருந்து, பாதிக்கு மேல் முடித்தும்விட்டோம். என்னை உலுக்கியது அந்தப் பட்டியல் அல்ல, புகார்ப் பதிவேடு. பத்தொன்பது மாதங்களில் ஒரே வகை சிரிஞ்ச் பம்ப் பற்றி வந்திருந்த 17 புகார்கள், ஏறக்குறைய ஒரே சொற்களில், "பயன்படுத்தியவரின் தவறு" என்று எழுதப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. கடைசி ஐந்து என் கையெழுத்துக்காகக் காத்திருந்தன.

சிரிஞ்ச் பம்ப் என்பது மருந்து நிரப்பிய சிரிஞ்சின் தண்டை ஒரு மோட்டாரால் மிக மெதுவாகத் தள்ளும் கருவி. பச்சிளங் குழந்தைகளுக்கும் தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் மணிக்கு ஒரு மில்லி லிட்டருக்கும் குறைவான வேகத்தில்கூட மருந்து செலுத்த வேண்டியிருக்கும். அந்த வேகத்தில் குழாய் அடைத்துக்கொண்டால், அழுத்தம் கூடி எச்சரிக்கை ஒலிப்பதற்கே நீண்ட நேரம் ஆகும். அடைப்பு நீங்கும் கணத்தில் தேங்கிய மருந்து ஒரேயடியாக உடலுக்குள் போகும். சிரிஞ்சின் தண்டு பிடிப்பானுக்குள் சரியாக உட்காராவிட்டாலோ, பம்ப் நோயாளியைவிட உயரத்தில் இருக்கும்போது மருந்து தானாகவே இறங்கிவிடக்கூடும். 17 புகார்களில் 12 இந்தப் பிடிப்பான் பற்றியவை. புகார்களை வரிசையாக வைத்துப் படித்தபோது, அவற்றில் பெரும்பாலானவை குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து செவிலியர்கள் எழுதியவை என்பது தெரிந்தது. நான் சேமிப்பறைக்குப் போய் ஒரு பம்ப்பை எடுத்து, அந்தப் பிடிப்பானை மூடிப் பார்த்தேன். ஒரு கையில் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு மறு கையின் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கடைசி இரண்டு மில்லி மீட்டரில் என் விரலுக்கு வலு போதவில்லை. மூடிவிட்டது போலத் தெரிந்தது, ஆனால் மூடவில்லை. பிறகு வடிவமைப்புக் கோப்பில் பயன்பாட்டுச் சோதனை அறிக்கையைத் தேடி எடுத்தேன். சோதனையில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் எங்கள் நிறுவனத்தின் ஆண் பொறியாளர்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒவ்வொரு பயனர் வகையிலும் குறைந்தது 15 பேரை வைத்து இறுதிச் சோதனை நடத்தச் சொல்கிறது. இந்தக் கருவியை நாள்தோறும் தொடுகிற செவிலியர்கள் அந்த அறிக்கையில் மூன்றே பேர்.

1899இல் லெடிஷியா கீர் என்ற பெண்மணி, ஒரே கையால் இயக்கக்கூடிய சிரிஞ்சுக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு கைதான் ஓய்வாக இருக்கும் என்ற எளிய உண்மையை அந்த வடிவமைப்பு மதித்தது. தலைமைப் பொறுப்புகளில் பெண்கள் இருக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு முதன்மையான காரணம் இதுவே. கருவி யாருடைய கைக்குப் போகிறது, யாருடைய உடலுக்குள் போகிறது என்ற கேள்வியை மேசையில் வைப்பவர் ஒருவராவது இருக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் விற்கப்பட்ட டால்கன் ஷீல்டு என்ற, கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைக் கருவி பல பெண்களுக்குக் கடுமையான தொற்றையும் சில மரணங்களையும் விளைவித்து, 1974இல் அமெரிக்க விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. 1976இல் அமெரிக்கா மருத்துவக் கருவிகளுக்கெனத் தனிச் சட்டத் திருத்தம் கொண்டுவந்ததற்கு அந்தத் துயரம் முக்கியக் காரணங்களில் ஒன்று. பெண்கள் பட்ட வேதனையிலிருந்து பிறந்த சட்டத்தை நடைமுறைப்படுத்தும் இடத்தில் பெண்ணின் சொல்லுக்கு எடை இல்லாமல் போவதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

அந்த வாரக் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னேன். ஐரோப்பிய ஒழுங்குமுறையின்படி, ஒருவருக்குத் தீங்கு நேர்ந்திருந்தால்தான் தீவிர நிகழ்வு என்றில்லை. நேர்ந்திருக்கக்கூடும் என்றாலும் அது தீவிர நிகழ்வே. அப்படிப்பட்டவற்றைத் தெரிந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மரணமோ எதிர்பாராத கடும் உடல்நலக் கேடோ என்றால் 10 நாட்கள், பொதுச் சுகாதாரத்துக்கே பெரும் அச்சுறுத்தல் என்றால் 2 நாட்கள். பிடிப்பான் புகார்களை மீண்டும் திறக்க வேண்டும், அடுத்த தொகுதியை நிறுத்திவைக்க வேண்டும், அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்றேன். விற்பனைத் தலைவர், "மேடம், தணிக்கை நெருங்குவதால் நீங்கள் பதறுகிறீர்கள்" என்றார். அந்த ஒரு சொல் என் வாதம் முழுவதையும் என் மனநிலை பற்றிய விவாதமாக மாற்றிவிட்டது. நான் பதறவில்லை என்று விளக்கத் தொடங்கினேன். பிடிப்பானைப் பற்றிப் பேசுவது அத்தோடு நின்றுபோனது. அடுத்த வடிவமைப்புப் பதிப்பில் பிடிப்பானை மாற்றிவிடலாம், இப்போது இருக்கும் ஐந்தையும் மூடிவிடுங்கள் என்று இயக்குநர் முடித்தார்.

இங்கே நான் செய்த தவறை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஐந்து புகார்களிலும் கையெழுத்திட்டேன். கூட்டக் குறிப்புகளை எழுதுவதும் என் வேலையாகவே இருந்தது. மேசையைச் சுற்றி இருந்த ஏழு பேரில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் அந்த வேலை எப்படியோ என்னிடமே வந்து சேர்ந்திருந்தது. என் ஆட்சேபத்தை மூன்று வரிகளில் எழுதி, வழக்கம்போல இயக்குநரின் ஒப்புதலுக்கு அனுப்பினேன். திரும்பி வந்த பிரதியில் அந்த மூன்று வரிகளும் நீக்கப்பட்டிருந்தன. தணிக்கை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்தப் பிரதியையே பதிவேட்டில் சேர்த்தேன். அன்று இரவு வீட்டில் யாரிடமும் பேச முடியவில்லை. அந்தப் பம்ப்பின் பக்கத்தில் படுத்திருக்கும் ஒரு குழந்தையின் முகம் மட்டுமே கண்முன் வந்துகொண்டிருந்தது.

நான் இப்போது கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். ஆட்சேபம் எழுப்பும்போது அச்சத்தைச் சொல்லாமல் எண்ணையும் விதியையும் தேதியையும் சொல்ல வேண்டும். "இது ஆபத்தானது என்று நினைக்கிறேன்" என்பதைவிட, "19 மாதங்களில் ஒரே பாகம் பற்றி 12 புகார்கள், அறிவிப்புக்கான கடைசி நாள் இன்ன தேதி, மறுப்பவர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்" என்று சொல்லும்போது, எதிரே இருப்பவர் உங்கள் குணத்தைப் பற்றிப் பேச இடம் குறைகிறது. யாராவது பதற்றம் என்றால், அதற்கு விளக்கம் சொல்லாமல் அடுத்த எண்ணுக்குப் போய்விடுங்கள். கூட்டக் குறிப்பு யார் எழுதினாலும், அன்றைக்கே உங்கள் நிலைப்பாட்டை நிறுவன மின்னஞ்சலில் நான்கு வரிகளாகக் கலந்துகொண்ட அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள். மருத்துவக் கருவித் தர மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 13485இன் 5.5.1 பிரிவு, தரத்தோடு தொடர்புடைய வேலை செய்பவர்களின் பொறுப்பும் அதிகாரமும் வரையறுக்கப்பட்டு, எழுதப்பட்டு, தெரிவிக்கப்பட வேண்டும் என்றும், அவர்களுக்குத் தேவையான சுதந்திரத்தை உயர்நிலை நிர்வாகம் உறுதிசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்காவிலும் 2026 பிப்ரவரி 2 முதல் எஃப்.டி.ஏ. இந்தத் தரநிலையையே தன் விதிகளுக்குள் இணைத்துக்கொண்டுவிட்டது. அதோடு, முன்பு அதன் ஆய்வாளர்களுக்குக் காட்டத் தேவையில்லாதிருந்த மேலாண்மை மறுஆய்வு, உள்தணிக்கைப் பதிவுகளுக்கு இருந்த விலக்கும் போய்விட்டது. ஆகவே கூட்டக் குறிப்பில் எது இருக்கிறது, எது இல்லை என்பது இனி நிறுவனத்தின் உள்விவகாரமாக மட்டும் இருக்க முடியாது. இதை இயக்குநர்களிடம் அமைதியாக எடுத்துச் சொன்னாலே, வரிகளை நீக்கும் கைகள் சற்றுத் தயங்கும்.

தணிக்கை வந்தது. முதல் நாள் காலை, தலைமைத் தணிக்கையாளர் அறைக்குள் வந்ததும் எனக்கு அடுத்து நின்ற என் குழுவின் இளைஞருக்குக் கைகொடுத்து, துறைத் தலைவர் என்று அவரையே நினைத்துப் பேசத் தொடங்கினார். அந்தத் தம்பி சட்டென்று, "எங்கள் தலைவர் இவர்" என்று என்னைக் காட்டினார். இத்தகைய சிறு நேர்மைகளை நான் மறப்பதில்லை. இரண்டாம் நாள் புகார்ப் பதிவேட்டைக் கேட்டார்கள். பிடிப்பான் புகார்களைப் பார்த்ததும், விசாரிக்காமல் மூடியதற்கான காரணம் எங்கே, இதை முடிவு செய்தவர் யார் என்று கேட்டார்கள். கூட்டக் குறிப்பில் ஒன்றும் இல்லை. புகார்ப் படிவத்தில் என் கையெழுத்து இருந்தது. இயக்குநர் என் பக்கம் திரும்பி, "இதை எங்களிடம் கொண்டுவந்திருக்கலாமே" என்று சொன்ன அந்தக் கணம் இப்போது எழுதும்போதும் என் கைகளைக் குளிரச் செய்கிறது. புகார் கையாளுதலில் பெரிய குறைபாடு என்று அறிக்கையில் பதிவாயிற்று. அதற்குப் பிறகுதான் புகார்கள் திறக்கப்பட்டு, அறிவிப்பு அனுப்பப்பட்டது. பல மாதத் தாமதத்தோடு. நல்வேளையாக எந்த நோயாளியும் உயிரிழக்கவில்லை. அந்த நல்லூழ்தான் என்னை இன்றும் இந்தத் துறையில் இருக்க வைத்திருக்கிறது.

அடுத்த மாதங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தணிக்கைக்குப் பிறகு பேசப்படும் என்ற ஊதியம் பேசப்படவில்லை. ஓராண்டு கழிந்ததும் வெளியிலிருந்து ஒருவரை எனக்கு மேல் நியமித்தார்கள். வரவுசெலவுத் திட்டக் கோப்பை அவருக்குக் கைமாற்றும்போது, எனக்கு முன்பிருந்தவருக்கும் இப்போது வந்தவருக்கும் ஒதுக்கப்பட்ட சம்பளம் என்னுடையதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்பதைப் பார்த்தேன். இரண்டு வாரம் கழித்து, யாரிடமும் கலந்தாலோசிக்காமல், ஒரு செவ்வாய்க்கிழமை விலகல் கடிதம் கொடுத்தேன். ஆண்டு ஊக்கத்தொகை வருவதற்கு ஆறு வாரங்களே இருந்தன; பங்குகளின் முதல் பகுதி என் பெயருக்கு மாற இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. எல்லாம் போயின. பணியொப்பந்தத்தில் போட்டி நிறுவனங்களில் ஓராண்டு சேரக்கூடாது என்ற விதி இருந்தது. அதைத் தளர்த்த வழக்கறிஞரை வைத்து எட்டு மாதம் போராட வேண்டியிருந்தது.

ஆகவே விலகும் எண்ணம் வந்தால், கடிதம் எழுதுமுன் ஒப்பந்தத்தோடு ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். முன்கூட்டியே நான் செலவழித்திருக்க வேண்டிய அந்த ஒரு மணி நேரக் கட்டணம், பிற்பாடு செலவழித்ததில் மிகச் சிறு பங்கே ஆகியிருக்கும். நிறுவனத்தின் ஆவணங்களை வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். அது உங்களையே குற்றவாளியாக்கும். உங்கள் நியமனக் கடிதம், பதவி விவரம், ஊதியக் கடிதங்கள் ஆகியவற்றை மட்டும் முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துங்கள். இன்னொன்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பி.ஆர்.ஆர்.சி. என்று என் பெயர் ஐரோப்பியத் தரவுத்தளத்தில் பதிவாகியிருந்தது. நான் வெளியேறி ஐந்து மாதங்கள் ஆன பிறகும் அது அப்படியே இருந்தது. அந்த ஐந்து மாதங்களில் அந்தப் பம்ப்புக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் முதலில் தேடப்படும் பெயர் என்னுடையதாகவே இருந்திருக்கும். கடைசி வேலை நாளன்று, இன்ன தேதியோடு அந்தப் பொறுப்பு முடிந்தது என்ற கடிதத்தையும், பதிவு மாற்றப்பட்டதற்கான சான்றையும் கையில் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

விலகியபின் கிடைத்த ஓய்வில்தான் இன்னொன்று புரிந்தது. எனக்கு நல்ல ஆலோசகர்கள் பலர் இருந்தார்கள்; என்னைத் தனியே அழைத்து அறிவுரை சொல்வார்கள். நான் இல்லாத அறையில் எனக்காகப் பேசக்கூடியவர் ஒருவர்கூட இல்லை. என் வாதம் சரியென்று இரண்டு மூத்தவர்கள் கூட்டத்துக்குப் பிறகு நடைபாதையில் சொன்னார்கள். கூட்டத்தில் மௌனமாக இருந்தார்கள். இப்போதெல்லாம் முக்கியமான எதையும் கூட்டத்தில் முதன்முறையாகச் சொல்வதில்லை. இரண்டு நாள் முன்பே இருவரிடமாவது பேசி, அவர்கள் அறையில் வாய்திறந்து ஆதரிப்பார்களா என்று நேராகக் கேட்டுவிடுகிறேன். நான் பணியாற்றிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் பெண்கள் தரம், ஒழுங்குமுறை, மருத்துவ ஆய்வு, மனிதவளம் ஆகிய பிரிவுகளில் நிறைந்திருந்தார்கள். தலைமை நிர்வாகிகளோ விற்பனையிலிருந்தும் வணிகப் பிரிவிலிருந்தும் வந்தார்கள். பத்தாண்டுகளுக்குள் ஒரு முறையாவது வருவாய்க் கணக்குக்கு நீங்களே பொறுப்பேற்கும் வேலை ஒன்றைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள் என்று இளையவர்களிடம் வற்புறுத்துகிறேன். நான் அதைச் செய்திருந்தால், ஒரு தொகுதியை நிறுத்துவதால் ஏற்படும் இழப்பையும், பிற்பாடு திரும்பப் பெறுவதால் ஏற்படும் இழப்பையும் விற்பனைத் தலைவரின் கணக்கிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருப்பேன்.

எட்டு மாதங்களுக்குப் பிறகு, உடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாயான கதீட்டரைத் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் தரப் பிரிவுத் தலைவர் பதவி வந்தது. இம்முறை நான்கு நிபந்தனைகளை எழுதிக்கொண்டு போனேன். தொகுதியை நிறுத்தும் அதிகாரம் பதவி விவரத்தில் எழுதப்பட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை இயக்குநர் குழுவை நிர்வாக இயக்குநர் இல்லாமல் சந்திக்க வேண்டும். சம்பளம் முதல் நாளிலிருந்து முழுமையாக இருப்பதோடு, இயக்குநர்கள், அதிகாரிகளுக்கான பொறுப்புக் காப்பீட்டில் என் பெயரும் சேர வேண்டும். இணக்கம் தொடர்பான கருத்து வேறுபாட்டால் நான் வெளியேற்றப்பட்டால் ஆறு மாதச் சம்பளம் தர வேண்டும். சொல்லும்போது குரல் நடுங்கியது. ஆனாலும் நான்கையும் சொல்லி முடித்தேன். ஐரோப்பிய ஒழுங்குமுறையின் 15ஆவது பிரிவே, பொறுப்பான நபர் தம் கடமையைச் சரியாகச் செய்ததற்காக நிறுவனத்துக்குள் எந்தப் பாதகத்துக்கும் உள்ளாகக்கூடாது என்று சொல்வதையும் எடுத்துக்காட்டினேன். இரண்டு வாரம் பேச்சு நடந்தது. கடைசி நிபந்தனையை மூன்று மாதமாகக் குறைத்தார்கள். மற்ற மூன்றையும் ஏற்றுக்கொண்டார்கள். நான் அஞ்சியதுபோல யாரும் என்னை நன்றி கெட்டவள் என்று நினைக்கவில்லை. இயக்குநர் குழுவின் தலைவர், இவ்வளவு தெளிவாகக் கேட்ட முதல் ஆள் நீங்கள் என்றார்.

சேர்ந்த ஏழாவது மாதத்தில் கிருமி நீக்கம் செய்த ஒரு தொகுதியின் உறைகளில் ஓரத்து ஒட்டு பலவீனமாக இருப்பதைச் சோதனைக்கூடம் கண்டது. உறை பிரிந்தால் உள்ளே இருக்கும் கதீட்டரின் கிருமியற்ற நிலை போய்விடும். காலை பத்து மணிக்கு வெளியீட்டை நிறுத்தினேன். பதினொரு மணிக்கு விற்பனைப் பிரிவின் தலைவர் கோபத்தோடு வந்து நின்றார். பதவி விவரத்தின் அந்த வரியைக் காட்டினேன். எத்தனை உறைகளைச் சோதித்தோம், எத்தனை தேறவில்லை, மறுசோதனை எப்போது முடியும் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, வாடிக்கையாளர்களுக்கு என்ன தேதி சொல்லலாம் என்று கேட்டார். ஒட்டும் இயந்திரத்தின் வெப்பநிலை அளவீடு பிசகியிருந்தது தெரியவந்தது. நான்கு நாட்களில் சரிசெய்து, புதிய தொகுதி வெளியே போனது. அன்று மாலை கூட்டக் குறிப்பை எழுதியவர் அவருடைய உதவியாளர். நிறுத்தியவர் யார், எந்த நேரத்தில், என்ன காரணத்தால் என்ற மூன்றும் அதில் இருந்தன. என் பெயர் சரியான எழுத்துகளில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.